பால்மா ரின்னில் வந்த கச்சான்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் யேசுரட்ணம் அண்ணை வீட்டுக்குப் போனால் பால் தேத்தண்ணி கிடைக்காது. வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும்தான். இதை வைத்து டூட்டிங் சனம் அவரைக் கஞ்சன் என்று கதை கட்டிவிட்டது. "வாசலில பால்காரன் வைக்கிற போத்தலை மனிசன் வித்துப்போடுறாரோ?" என்று எங்கள் பெற்றோல் ஸ்ரேசனில் ஒருவன் கேட்டான். நான் அவனோடு சண்டைக்குப் போய்விட்டேன். உண்மையான காரணம் எனக்குத் தெரியும், வெளியே சொல்லக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம் அண்ணையின் மனைவி மேரிறோஸ் அக்காவே, "சொல்லுங்கோ தம்பி பாலேந்திரா, நாலு தாய்மார் அறியட்டும்" என்று சொன்னா. அதனால் எழுதுகிறேன்.

யேசுரட்ணம் அண்ணையும் நானும் மோர்டனில் ஒரே பெற்றோல் ஸ்ரேசனில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்தோம். அவர் காலை என்றால் நான் பின்னேரம். அவர் மன்னார்க் கத்தோலிக்கர், நான் மானிப்பாய்ச் சைவம். ஆனால் குளிரில் கை விறைத்துப்போய்க் காசு எண்ணுகிறவனுக்குச் சமயம் ஒன்றுதான். மேரிறோஸ் அக்கா விடியற்காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பா, மிச்ச நேரமெல்லாம் கோயில். கலியாணம் முடித்துப் பதினைந்து வருசமாகியும் அவவுக்குப் பிள்ளை இல்லை. மடு மாதாவுக்கு நேர்ந்து, இங்கே வந்து லூர்து மாதாவுக்கும் நேர்ந்து, டொக்டர்மாரிடமும் அலைந்து ஓய்ந்த மனுசி. ஆனால் முகத்தில் அதைக் காட்டமாட்டா. யாருக்காவது பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாகக் குழந்தைப் பால்மா அடைத்த தகர ரின்னோடு போய் நிற்பா.

எங்கள் ஊர்களில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் பால்மா ரின் இல்லாமல் போவதில்லை. தாய்க்குப் பால் ஆறாக ஓடினாலும் ரின் போகவேண்டும். வெறுங்கையோடு போனவரைப் பற்றி ஊர் ஒரு வருசம் கதைக்கும்.

அக்காவின் தங்கை இம்மாகுலேற். இம்மா என்று கூப்பிடுவோம். லண்டனுக்கு முதல் வந்தவளே அவள்தான். இங்கே நேர்ஸ் படிப்புப் படித்து, குழந்தைகள் வார்டில் வேலை செய்தவள். எண்பத்தைந்தில் ஒருநாள், "நான் சியரா லியோனுக்குத் தொண்டு வேலைக்குப் போறன். கன்னியாஸ்திரிமார் கேக்கினம்" என்று வந்து நின்றாள். யேசுரட்ணம் அண்ணை குதித்தார். "சனம் தலையை அடமானம் வைச்சு லண்டனுக்கு வருகுது, இவள் லண்டனை விட்டிட்டுக் காட்டுக்குப் போறாளாம்!" என்றார். அவள் சிரித்தாள், போய்விட்டாள்.

அங்கேயிருந்து அவள் கடிதம் எழுதுவதில்லை, கசற்றில் பேசிப் பதிந்து அனுப்புவாள். லீவில் வருகிற கன்னியாஸ்திரிமார் கொண்டுவந்து தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்ற கையோடு நாங்கள் மூன்று பேரும் முன்னறையில் இருந்து கேட்போம். வெளியே மழை தூறிக்கொண்டிருக்கும். கசற்றுக்குள் சேவல் கூவும்.

"அக்கா, இஞ்சை விடிய முந்தியே உரல் இடிக்கிற சத்தம் தொடங்கீடும். பொம்பிளையள் எல்லாரும் நெல்லுக் குத்துவினம். மத்தியானம் மரவள்ளி இலையை இடிச்சு, செம்பனை எண்ணெயில கருவாடு போட்டு ஒரு கறி. பாத்தியெண்டா மூக்கைப் பொத்துவாய், திண்டியெண்டா சட்டியை வழிப்பாய். என்ர வீடு மண் வீடுதான், தகரக் கூரை. மழை பெய்தா ஒருத்தரும் கதைக்கேலாது, அவ்வளவு சத்தம். வெயில் காலத்தில செம்மண் தூள் சோத்துக்குள்ள, சீலைக்குள்ள, கண்ணிமைக்குள்ள. ஆனா நான் நல்லா இருக்கிறன். அத்தானுக்குச் சொல்லு, ஒரு புலியும் என்னை இன்னும் தின்னேல்லை."

அண்ணை உறுமுவார். அக்கா கசற்றை நிறுத்தித் திரும்ப முதலிலிருந்து போடுவா.

பிள்ளைகளை நிறுக்கிற கதையை நான் மறக்கவில்லை. ஊரின் நடுவில் ஒரு பெரிய இலவ மரம். அதன் கொப்பில் தராசைக் கட்டி, காற்சட்டை மாதிரி ஒரு சீலைப் பைக்குள் பிள்ளையை இறக்கித் தொங்கவிடுவாளாம். "முதல் ஒருத்தியும் வரேல்லை அக்கா. பிள்ளையை நிறுத்தாக் கண்படுமாம். எங்கட ஆக்களைப்போலதான்! நான் என்ன செய்தன், ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி, 'சீ, இப்பிடி வடிவில்லாத பிள்ளையை நான் காணேல்லை' எண்டு அவையின்ர பாசையில சொல்லுவன். தாய்மாருக்குப் பெரிய புழுகம், ஒரே சந்தோசம். இப்ப வரிசையில நிக்கினம், தங்கட பிள்ளையை நான் எப்பிடிப் பழிக்கிறன் எண்டு கேக்க."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. பேயைக்கூடப் பேய்க்காட்டுவாள் என் தங்கை என்று பெருமைப்பட்டா.

அடுத்த கசற்றில்தான் தெனே என்ற குழந்தை வந்தாள். ஜாத்து என்று ஒரு இளம் தாய், முதற் பிள்ளை, பெண். மூன்று மாதமாகியும் நிறை கூடவில்லை. பால் போதவில்லை என்று ஜாத்து அழுகிறாள். "பால் கிடக்கு அக்கா. அவளுக்குத்தான் நம்பிக்கையில்லை. நான் பின்னேரங்களில போய்ப் பக்கத்தில இருந்து குடுக்கப் பண்ணுறன். மெல்ல மெல்லச் சரிவரும்" என்றாள் இம்மா. கசற் முடிந்தது. அக்கா குசினிக்குப் போனா. திரும்பி வந்தபோது கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தா.

"எங்கை மேரி, மழைக்குள்ள?" என்று அண்ணை கேட்டார்.

"கடைக்கு. கசற் கொண்டுவந்த சிஸ்டர் புதன்கிழமை திரும்பிப் போறா. ரெண்டு ரின் குடுத்துவிடப்போறன்."

"அங்கை மா வேண்டாமெண்டுதானே இம்மா சொல்லுறவள்."

"அவள் சொல்லுவாள். ஒரு பச்சைப் பிள்ளை பசியில கிடக்கு, நான் இஞ்சை பால் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கவோ? இவ்வளவு வருசமா நான் ஒரு பிள்ளைக்குப் பால் கரைக்கவெண்டு காத்துக்கொண்டிருக்கிறன். அந்தக் குடுப்பினையாவது வரட்டுமன்."

குடையை எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

மழைக்காலம் தொடங்க முன்னம் ஒரு படம் வந்தது. ஜாத்துவின் மடியில் தெனே. கை கால் மடிப்பு மடிப்பாக, கன்னம் உப்பி, பக்கத்தில் மேரிறோஸ் அக்காவின் பால்மா ரின். அக்கா அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே வைத்தா. அதற்குப் பிறகு அவவின் பேச்சே மாறிப்போனது. "என்ர பிள்ளைக்குப் பல்லு வந்திருக்கும்", "என்ர பிள்ளை தவழுவாள்." கோயில் பெண்கள் முதலில் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். பிறகு அவர்களும் "மேரிறோஸின் ஆபிரிக்கா மகள்" என்றே கேட்கத் தொடங்கினார்கள்.

எண்பத்தேழு முடிவில் இம்மா திரும்பி வந்துவிட்டாள். இன்னும் ஒரு வருசம் நிற்பதாகச் சொன்னவள் இடையில் வந்தாள். கண் குழி விழுந்து, சட்டை தோளில் தொங்கியது. மலேரியாக் காய்ச்சல் என்றாள். காய்ச்சலும் இருந்ததுதான். பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பால்மா ரின்னை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். அது நிறையக் கோதோடு கச்சான், நிலக்கடலை.

"தெனேயின்ர தாய் உனக்குத் தந்துவிட்டவ."

அக்காவுக்குத் தலைகால் தெரியவில்லை. கச்சானை உடைத்து, தாச்சியில் உப்புத் தண்ணி தெளித்து வறுத்து, பேப்பர்ச் சுருளில் போட்டுக் கோயிலுக்கும் தெருவுக்கும் பங்கிட்டா. "என்ர பிள்ளை வீட்டில இருந்து வந்தது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தா. எனக்கும் ஒரு சுருள் கிடைத்தது. சின்னக் கொட்டை, ஆனால் அப்படியொரு ருசி. ஷிப்ட் முடியமுன்னம் தின்று முடித்தேன். அந்த ரின்னில் அக்கா தேயிலை போட்டு வைத்தா.

இம்மா குழந்தைகள் வார்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மோர்டனில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை எடுத்தாள். "நேர்ஸ் படிப்புப் படிச்சுப்போட்டுக் கிழவர்மாருக்குச் சோறு தீத்துறியே?" என்று அண்ணை கேட்டால், "அவை போறதெண்டா வயசுக்குத்தானே போவினம் அத்தான்" என்பாள். அவளுடைய மறுமொழி எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. காய்ச்சல் மூளையைத் தொட்டுவிட்டது என்று நினைத்தோம்.

அக்காவோ ஒவ்வொரு வருசமும் டூட்டிங் மார்க்கற்றில் ஒரு சட்டை வாங்குவா. தெனேயின் பிறந்தநாளுக்கு. கடைக்காரியிடம் வயதைச் சொல்லி, உயரத்துக்குத் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டுவா. அந்தக் கை வருசத்துக்கு வருசம் மேலே ஏறியது. சட்டையை இம்மா வாங்கிக்கொண்டுபோய்த் தபாலில் போடுவாள். கிடைத்ததா என்று கேட்டால், "ஓம், சிஸ்டர்மார் எழுதியிருக்கினம்" என்பாள்.

தொண்ணூற்றொன்று வசந்தகாலத்தில் சியரா லியோனில் சண்டை தொடங்கியது. செய்தியில் இரண்டு நிமிசம் காட்டினார்கள். சனம் தலையில் மூட்டையோடு செம்மண் றோட்டில் நடக்கிறது. அதைப் பார்த்த நாள் தொடக்கம் மேரிறோஸ் அக்காவுக்கு நித்திரையில்லை. எங்களுக்கு அந்த நடை தெரியும். நாங்களும் நடந்தவர்கள்தான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னை வரச்சொன்னா. போனால் மேசையில் வடை, பால் தேத்தண்ணி, தெனேயின் படம். அண்ணை ஒரு மூலையில் குற்றவாளி மாதிரி இருந்தார். இம்மா வேலைக்குப் போகும் உடுப்போடு குசினி வாசலில் நின்றாள்.

"தம்பி, உங்கட தம்பியார் ஆபிரிக்காவால தானே வந்தவர்?" என்று அக்கா தொடங்கினா.

"ஓம் அக்கா. ஏஜென்ட் அங்கை இறக்கிப்போட்டு எட்டு மாசம் வைச்சிருந்தவன். பட்ட பாடு..."

"அப்ப அந்த ஏஜென்ட்டுக்கு அங்கை ஆக்கள் இருக்கும் என்ன?"

எனக்கு அப்போதும் பொறி தட்டவில்லை. ஆளைக் களவாய்க் கொண்டுவருகிற ஏஜென்ட் விசயத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் தென் லண்டனில் இல்லை என்ற எண்ணம் எனக்கு. பெரிய மனுசன் மாதிரிச் சாய்ந்து இருந்துகொண்டு, "எல்லா இடத்திலயும் இருக்கு. ஆரை லண்டனுக்குக் கூப்பிடப் போறியள்?" என்றேன்.

"என்ர பிள்ளையையும் தாயையும்."

கடித்த வடையைத் தட்டில் வைத்தேன். அண்ணை தலையைக் குனிந்தபடியே, "சீட்டுக் காசை எடுத்தாச்சு பாலா. நானும் ஓமெண்டிட்டன். கதைச்சு வெல்லேலாது" என்றார்.

"ஏன் கதைக்கவேணும்?" அக்கா சீறினா. "எங்கட சனம் கொழும்பில, வன்னியில கிடந்த எத்தினை பேரைக் கூப்பிட்டது? சித்தப்பன்ர மச்சான்ர மச்சானையும் கூப்பிட்டினம். எனக்குக் கூப்பிட ஆர் இருக்கு? ஒரு பிள்ளை. வந்து எனக்குப் பக்கத்தில படுக்கட்டும். இம்மா, தாயின்ர முழுப்பேர் என்ன? இப்ப ஊரிலதான் நிக்கினமோ, வெளிக்கிட்டுட்டினமோ? சிஸ்டர்மாருக்குப் போன் எடு."

இம்மா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடன். ஏன் மரம்மாதிரி நிக்கிறாய்?"

"அக்கா, கூப்பிடேலாது."

"ஏன் ஏலாது? கறுப்புப் பிள்ளையெண்டோ?"

"தெனே இல்லையக்கா."

"எங்கை, வெளிக்கிட்டுட்டினமோ?"

"செத்துப்போச்சு. நான் அங்கை நிக்கேக்கையே செத்துப்போச்சு."

அக்கா படத்தைப் பார்த்தா, இம்மாவைப் பார்த்தா. "சட்டையள்?" என்று மட்டும் கேட்டா.

"சிஸ்டர்மார் வேற பிள்ளையளுக்குக் குடுத்தவை. நீ அந்தப் படத்தைத் திரு இருதயத்துக்குக் கீழ வைச்சிருந்தாய். நான் வந்து பாத்திட்டு எப்பிடிச் சொல்லுவன்? நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவமெண்டு..."

"என்ன வருத்தம்?"

இம்மா ஒரு நிமிசம் தாமதித்தாள். நான் கண்டேன். "காய்ச்சல்" என்றாள்.

அக்கா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சட்டத்தைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தா. தனக்குத்தானே சொல்வதுபோல, "கொஞ்ச நாளெண்டாலும் என்ர பாலைக் குடிச்சுக் கொழுத்துத்தானே போனது, என்ன?" என்றா. பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தா. முகம் தெளிந்திருந்தது. "இஞ்சேருங்கோ, சீட்டுக் காசை வீணாக்கவேண்டாம். அகதி முகாமில எத்தினை பச்சைப் பிள்ளையள் கிடக்குங்கள். தெனேயின்ர பேரில ஒரு பூசை குடுத்து, கோயில் பொம்பிளையளிட்டயும் சேத்து, ஒரு பெட்டி பால்மா அனுப்புவம்."

"ஓம் மேரி, அது நல்லம்" என்றார் அண்ணை. ஆபத்து இவ்வளவோடு போனதே என்ற நிம்மதி அவருக்கு. எனக்கும்தான், ஏன் பொய் சொல்லவேணும்.

"வேண்டாம்" என்று இம்மா கத்தினாள். அந்த அமைதியான பெட்டையிடமிருந்து அப்படியொரு குரலை நான் கேட்டதில்லை. "மா வேண்டாம் அக்கா. மா அனுப்பாதை."

"ஏன்?"

இம்மா வந்து அக்காவின் காலடியில் தரையில் இருந்தாள். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"காய்ச்சலில்லை. வயித்தாலை போய்ச் செத்தது. நீ அனுப்பின மா வர ஜாத்து தாய்ப்பாலை விட்டிட்டாள். வெள்ளைக்காரர் பிள்ளையள் குடிக்கிற பால் எண்டு அவளுக்குப் புழுகம். பிள்ளை கொழுத்தது, படமும் எடுத்தம். தண்ணியைக் கொதிக்கவைக்கவேணும், கரண்டி நிரப்பிப் போடவேணும் எண்டு நான் படிப்பிச்சனான், அவளும் வடிவாச் செய்தவள். பேந்து நான் ஊசி போடுறதுக்கு மற்ற ஊருகளுக்குப் போயிட்டன். மழை வந்து பாலம் உடைஞ்சுபோச்சு, ஒரு மாசம் திரும்ப ஏலேல்லை. விறகெல்லாம் நனைஞ்சுபோச்சு. மாவும் முடியத் தொடங்கீட்டுது. அவளின்ர பாலோ வத்தீட்டுது. இன்னொரு ரின் கேக்க வெக்கம் அவளுக்கு. முடிஞ்சுபோகக் கூடாதெண்டு ஒரு கரண்டியை ஒரு செம்பு ஆத்துத் தண்ணியில கரைச்சுக் குடுத்திருக்கிறாள். நான் வரேக்கை பிள்ளை தோலும் எலும்பும். உப்பும் சீனியும் கரைச்சு இரவு பகலாப் பருக்கினன். என்ர மடியிலதான் போனது."

வெளியே ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"நீ அப்பவே திருப்பி அனுப்பியிருக்கலாமெல்லே" என்றா அக்கா.

"அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருக்கவேணும். எனக்குத் தெரியும்தானே, படிச்சனான்தானே. ஆனா நீ ஒரு பிள்ளைக்குப் பால் கரைக்க ஆசைப்பட்டனி. ரின்னைக் கையில எடுத்திட்டு எனக்கு மனம் வரேல்லை அக்கா."

இரண்டு பேரிலும் யாரை நோவது? அன்புதான் கொன்றது என்று பெரிய வார்த்தையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வார்த்தைதான் நெஞ்சுக்குள் கிடந்து இடித்தது.

அக்கா எழுந்து குசினிக்குப் போனா. தேயிலை ரின்னை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தா. பழைய பால்மா ரின், விளிம்பில் துரு ஏறியிருந்தது.

"அப்ப இந்தக் கச்சான்? இது எப்ப தந்தவ?"

"பிள்ளையைத் தாட்டு ஏழாம் நாள்."

"செத்தாப் பிறகோ?"

"ஓம். ரின்னைக் கழுவி, வெயிலில காயவைச்சு, தன்ர தோட்டத்துக் கச்சானைப் போட்டுக் கொண்டுவந்தவ. உன்ர அக்காவின்ர ஏனத்தை வெறுமையாத் திருப்பக் கூடாது எண்டவ."

எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். கறி வந்த சட்டியை ஒருவரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

"கோவமில்லையோ அவவுக்கு? ஒரு சொல்லுச் சொல்லேல்லையோ?"

"இல்லை. கோவிச்சிருந்தா நான் அங்கையே இருந்திருப்பன் அக்கா. கோவிக்காதபடியாத்தான் எனக்கு இருக்கேலாமல் போச்சு."

அக்கா ரின்னைத் திறந்து, தேயிலையை ஒரு பேப்பரில் கொட்டினா. வெறும் ரின்னுக்குள் குனிந்து பார்த்தா. பிறகு, இவ்வளவு நேரமும் நான் அங்கே இருக்கிறேனா இல்லையா என்று கவனிக்காதவ, என் பக்கம் திரும்பினா.

"தம்பி, நீங்களும் திண்டனீங்களெல்லோ?"

"ஓம் அக்கா."

"ருசியா இருந்ததோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "நல்ல ருசி அக்கா" என்றேன்.

"ஓம்" என்றா அவ. "நல்ல கச்சான். நான் கோயில் முழுக்கக் குடுத்தனான். எல்லாரும் இன்னும் இருக்கோ எண்டு கேட்டவை."

அதற்குப் பிறகுதான் அழுதா. தரையில் குந்தித் தங்கை மடியில் முகத்தை வைத்து, ஊரில் செத்தவீட்டில் அழுவதுபோல வாய்விட்டு, பிள்ளையின் பேரைச் சொல்லி அழுதா. மேசையில் என் பால் தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அண்ணை அதை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தார்.